கித்தேரியானின் வத்தை

வத்தை இல்ல தம்பி. உடைச்சாச்சு.

யாரு உடைச்சாகன்னு சுத்தி முத்திப் பாக்காதீக, நாந்தான் உடைச்சேன். படகுல வரும்போதே படகுக்காரன் சொல்லலையா? சொல்ல மாட்டான். சொன்னா பாதிக் கடல்லயே திருப்பச் சொல்லிருவீகன்னு பயம். உடைச்ச பெறகு உங்களோட சேத்து ஆறு பேரு வந்துட்டாக. ஆறு பேருக்கிட்டயும் நாந்தான் சொல்ல வேண்டியிருக்கு.

சரி, இம்புட்டுப் பெரிய வரையிற பலகைய வச்சுக்கிட்டு வெயில்ல எதுக்கு நிக்கிறீக, இப்படி நிழலுக்கு வாங்க. திரும்பிப் போற படகு நாலு மணிக்குத்தான். அதுவரைக்கும் இந்த ஆவுளித் தீவுல கடலப் பாக்கலாம், இல்லாட்டி நான் பேசுறதக் கேக்கலாம், வேற சோலி கிடையாது. தண்ணி குடிங்க. லேசா கரிக்கும், எங்க கெணத்துத் தண்ணி அப்படித்தான். சோறு ஆகிக்கிட்டு இருக்கு. ஊளி மீன் கொழம்பு. பங்களாவுக்கு வர்றவுக எல்லாருக்கும் நாந்தான் பொங்கிப் போடுறது, உங்களுக்கும் சேத்துத்தான் ஒலை வச்சிருக்கேன்.

என்ன போன்ல காட்டுறீக? ஆமா, அதேதான். சாஞ்சு கிடக்குற வத்தை, அதும்மேல கைய வச்சுக்கிட்டு கடலப் பாத்து நிக்கிற பொம்பள. அந்தப் பொம்பள நாந்தான். நம்ப முடியல இல்ல? எனக்கே நம்ப முடியாது. அன்னைக்கி நான் போட்டிருந்தது ரோஸ் கலர் நைட்டி, மேல ஒரு துண்டு. வரைஞ்சவரு படத்துல வெள்ளச் சீலையாக்கிட்டாரு. கீழ என்னமோ பேரு போட்டிருக்குமே, 'காத்திருப்பு'ன்னு. கடலப் பாத்துக்கிட்டே நில்லும்மான்னு அந்த மனுசன் சொன்னாரு, நின்னேன். அன்னைக்கி மண்ணெண்ணெ ஏத்திக்கிட்டு படகு வர்ற நாளு. அது வருதான்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன். நான் வேற யாருக்கும் காத்துக்கிட்டு இருக்கல. அத மட்டும் மனசுல வச்சுக்கங்க, ஏன்னா இங்க வந்தவுக யாரும் அத நம்பல.

என் பேரு பிலோமி. என் வீட்டுக்காரரு பேரு கித்தேரியான். அவுக வத்தைதான் அது. வத்தைன்னா பாய் கட்டி ஓட்டுற மரப்படகு, ஒத்த ஆளு ஓட்டிறலாம். பதினாலு வருசத்துக்கு முந்தி, வாடைக் காத்து ஆரம்பிச்ச நேரம், வலை போட்டு வச்சத எடுத்துட்டு வந்துறேன்னு போனாக. போகாதீகன்னு நான் சொல்லல. சொல்லியிருக்கணும்னு எல்லாரும் சொல்றாக. தெனமும் போற ஆளுகிட்ட யாரு தெனமும் சொல்லுவா? மூணாம் நாளு வத்தை மட்டும் கரைக்கு வந்துச்சு. அந்தா, பங்களாவுக்கு நேர் கீழ, வெள்ளை மணலு மேடேறுது பாருங்க, அங்கன வந்து சாஞ்சுச்சு. அணியத்துல, அதான் வத்தையோட மூக்குல, அவுக துண்டு கட்டுனபடியே இருந்துச்சு. ஆளு இல்ல. பத்து நாளு எல்லாப் படகும் போய்த் தேடுச்சு. கெடைக்கல.

எனக்கு ஒண்ணும் தோணல தம்பி. பொய் சொல்லல. எல்லாரும் கத்துறாக, எனக்கு அடுப்புல வச்ச கஞ்சி பொங்கி வழிஞ்சிருக்குமேன்னுதான் ஓடுச்சு.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஆளு இல்லாம வத்தை மட்டும் கரைக்கு வந்துச்சுன்னா, அத மறுபடி கடல்ல எறக்க மாட்டாக. ஆளு போன மொத வருசப் பூசைக்கு முந்தி உடைச்சிறணும். மொத வெட்டு பொஞ்சாதி வெட்டணும். பெறகு சொந்தத்துல உள்ள ஆம்பளைக வெட்டுவாக. பலகைய வீட்டுக்கு ஒண்ணா பிரிச்சு, எல்லா வீட்டு அடுப்புலயும் வெறகா எரிக்கணும். அப்பத்தான் 'ஆளு கரையேறிட்டான்'னு சொல்லுவாக. பிரேதம் கெடைக்காதவனுக்கு அதுதான் அடக்கம், அதுதான் கல்லறை. அதுவரைக்கும் அவன் செத்தவன்லயும் சேத்தி இல்ல, இருக்கிறவன்லயும் சேத்தி இல்ல. நவம்பர் ரெண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாளுக்கு கோயில்ல செத்தவுக பேரையெல்லாம் வாசிப்பாக, அதுல அவன் பேரு வராது. இது வேதத்துல உள்ளது இல்லன்னு வர்ற சாமியாருக எல்லாரும் சொல்லிப் பாத்தாக. எங்க ஆளுக கேக்கல.

நானும் உடைக்கத்தான் இருந்தேன். கொழுந்தன் மொறையில தொம்மைன்னு ஒருத்தரு, அவருதான் இப்ப ஊர்க் கமிட்டித் தலைவரு, கோடாலிய சாணை பிடிச்சுக் கொண்டாந்து வீட்டுல வச்சுட்டாரு. வருசப் பூசைக்கு இன்னும் ஒம்பது நாளு. அந்த நேரம் பாத்து அந்த ஓவியர் வந்து எறங்குனாரு. சாரங்கன்னு பேரு, மெட்ராஸ்காரரு. சுங்கக்காரன் கட்டிப்போட்டுப் போன இந்தப் பங்களாவத்தான் அப்ப வாடகைக்கு விட ஆரம்பிச்சிருந்தாக. மனுசன் காலையில சன்னலத் தொறந்திருக்காரு, நேரா கீழ வத்தை. அப்படியே கட்டியிருந்த சாரத்தோட எறங்கி ஓடியாந்துட்டாரு.

அம்மா, நாலு நாள் குடுங்க, வரைஞ்சுக்கிறேன், பெறகு என்ன வேணா பண்ணிக்கங்கன்னு கேட்டாரு. நல்ல மனுசன். வயசாளி. வேர்த்து ஊத்துது. நாலு நாளுதானேன்னு சரின்னுட்டேன். நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான் தம்பி, அந்த நாலு நாளு.

நாலு நாளு எட்டாச்சு. வெளிச்சம் சரியில்லங்கிறாரு. இங்க வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம், மண்டையப் பொளக்குது. இல்லம்மா, சாயங்காலம் அஞ்சே கால்ல இருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் ஒரு மஞ்ச வெளிச்சம் விழுகுது, அதுலதான் வரையணும்னாரு. தெனமும் அர மணி நேரம். மேகம் வந்தா அதுவும் போச்சு. வருசப் பூசை வந்துச்சு, போச்சு. பூசை வச்சாக, ஆனா பேரு வாசிக்கல. தொம்மை வந்து, மைனி, விருந்தாளி போனதும் உடைச்சுக்கலாம்னாரு. சரின்னேன்.

அவரு போயி ஆறு மாசத்துல ஒரு காயிதம் போட்டாரு. படம் முடிஞ்சது, பெரிய எடத்துல மாட்டியிருக்காக, உங்க உதவிய மறக்க மாட்டேன், இனிமே நீங்க தாராளமா உடைச்சுக்கலாம்னு எழுதியிருந்தாரு. என் மக ஜெனோவாதான் வாசிச்சுக் காட்டுனா. அப்ப அவளுக்கு ஒம்பது வயசு. நான் சொல்லச் சொல்ல அவதான் பதிலும் எழுதுனா. ஐயா நல்லா இருக்கீகளா, தை மாசம் வாங்க, அப்பத்தான் வெளிச்சம் நல்லா இருக்கும், வத்தை அப்படியே இருக்குன்னு. ஒரு மரியாதைக்கு எழுதச் சொன்னேன். நல்லது சொன்னவுகளுக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணுமில்ல?

வந்தாரு. தனியா வரல, பதினொரு பேரோட வந்தாரு.

அதுக்குப் பெறகு நின்னுச்சா? வருசா வருசம் வந்தாக. வரையிறவுக, எழுதுறவுக, பாட்டுக் கட்டுறவுக, சும்மா தாடி வச்சவுக. அப்படி என்னதான் இருக்கு இங்கனன்னு நானும் யோசிச்சுப் பாத்திருக்கேன். ஒருத்தரு சொன்னாரு, இந்தக் கடல்ல ஒம்பது நெறம் இருக்குதுன்னு. விரல நீட்டி ஒண்ணொண்ணா காட்டுனாரு. எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான், கலங்குன தண்ணி, தெளிஞ்ச தண்ணி. கலங்குனா பாசி எடுக்கப் போக முடியாது. தெளிஞ்சா போகலாம். சரிங்க ஐயா ஒம்பதுன்னு ஒத்துக்கிட்டு வந்துட்டேன்.

இன்னொருத்தரு நாவல் எழுத வந்தாரு. பதிமூணு நாளு பங்களா வராண்டாவுல கன்னத்துல கை வச்சு உக்காந்திருந்தாரு. பெறகு புஸ்தகம் அனுப்பியிருந்தாரு, ஜெனோவா வாசிச்சா. இந்தத் தீவுல மௌனம் பேசுதுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்காரு. எனக்குச் சிரிப்பு. அவரு இருந்த பதிமூணு நாளும் எங்க மாதா கோயில் திருவிழா தம்பி, நாலு பக்கமும் ஸ்பீக்கர் கட்டிக் கத்திக்கிட்டு கிடந்துச்சு. காதடைக்கச் சொல்லி அவருக்குப் பஞ்சு நாந்தான் குடுத்தேன்.

கவிதை எழுதுற ஒரு அம்மா வந்தாக. திருச்சியோ கரூரோ. வத்தைய ஒரு தடவ தொட்டாக, அம்புட்டுத்தான், தேம்பித் தேம்பி அழ ஆரம்பிச்சுட்டாக. நானும் பக்கத்துல நின்னேன். எப்படிம்மா தாங்கிக்கிறீகன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டாக. எனக்குக் கண்ணு கலங்கக் கூட இல்ல. பழகிப்போச்சும்மான்னு சொல்லி மோர் குடுத்தேன். குடிச்சுட்டு மறுபடி அழுதாக.

எல்லாரும் ஒரே கேள்விதான். என்ன நெனச்சுக்கிட்டு கடலப் பாக்குறீக? எனக்கு அது புரியவே இல்ல. தீவுல இருக்கிறவ எந்தப் பக்கம் திரும்புனாலும் கடலத்தான் பாக்கணும். வேற எதப் பாக்குறது?

நான் அவுகளக் குத்தம் சொல்லல. நல்லவுகதான். ஆனா அவுக விடல, அதுதான் என் ஆத்தாமை. நான் உடைக்கணும்னு எடுக்கிற நேரமெல்லாம் யாராவது ஒருத்தர் வந்து எறங்கிருவாரு. ஊர்லயும் விடல. வர்ற கூட்டத்த நம்பி டீக்கடை வந்துச்சு, ரெண்டு படகு ஓடுச்சு, பொம்பளைக சங்கு மாலை கட்டி வித்தாக. தொம்மையே வந்து, மைனி, இந்த சீசன் போகட்டும்னாரு. சீசன் போனா மழை, மழை போனா அடுத்த சீசன். பதினாலு வருசம் இப்படியே.

அதுக்கிடையில அந்த வத்தைய நான் பராமரிக்க வேற வேண்டியதாப் போச்சு. பாவம், அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றாக, வந்து பாத்தா மக்கிக் கிடந்தா நல்லா இருக்குமா? மழைக்கு முந்தி மீனெண்ணெ பூசுவேன். அலை அரிச்சு மணலு சரிஞ்சா கல்லு கொண்டுபோய் முட்டுக் குடுப்பேன். மழைத் தண்ணி தேங்குனா செரட்டையால மொண்டு ஊத்துவேன். ஒரு புயலப்ப ஓலை பின்னி மூடி, கயித்தப் போட்டு பங்களாத் தூணுல கட்டிட்டு வந்தேன். காத்து அடிச்ச அடியில எங்க வீட்டு ஓடு நாலு பறந்துருச்சு, வத்தைக்கு ஒண்ணும் ஆகல. எல்லாம் அவுகளுக்காகத்தான். எனக்கென்ன அதுல?

ஜெனோவாவுக்குத்தான் பிடிக்காது. சின்னதுல இருந்தே பிடிக்காது. வத்தையப் பக்கத்துல போய்ப் பாக்க மாட்டா. ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோயில்ல பேரு வாசிக்கும்போது என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு, அப்பா பேரு எப்பம்மா வரும்னு கேப்பா. அடுத்த வருசம்னு சொல்லுவேன். பத்து வயசுல கேட்டா, பன்னெண்டுல கேட்டா. பதினஞ்சுக்குப் பெறகு கேக்கல. புரிஞ்சுக்கிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன். பெறகு மதுரையில நர்ஸுக்குப் படிச்சு அங்கயே வேலைக்கும் சேந்துட்டா. கெட்டிக்காரி. அவுக அப்பா மூக்கு, அவுக அப்பா பிடிவாதம்.

இந்த வருசம் அவளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. அக்கரையில ஒரு வீடு, பையன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, நல்ல குடும்பம். எங்க கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக் கெழமை பூசையில ஓலை வாசிப்பாக. இன்னாரு மகன் இன்னாருக்கும் இன்னாரு மக இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவுக சொல்லலாம்னு, சாமியாருக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியாரு வாசிப்பாரு. அப்பா இல்லாத பிள்ளைன்னா 'மறைந்த'ன்னு சேத்துப் பேரு வாசிப்பாரு. வத்தை உடைக்காம எப்படி மறைந்தன்னு வாசிப்பாரு?

ஜெனோவா ரெண்டு மாசத்துக்கு முந்தியே வந்து சொல்லிட்டா. அம்மா, மொத ஓலைக்கு முந்தி நீ வத்தைய உடைச்சிறணும். வேற எதுவும் கேக்கல நான். நகை வேணாம், சீலை வேணாம். உடைச்சிறு. நானும் சரின்னுதான் சொன்னேன். சத்தியமா உடைக்கத்தான் இருந்தேன். கோடாலிய எடுத்து வாசல்ல வச்சுட்டேன்.

மொத ஓலைக்கு நாலு நாளைக்கு முந்தி ஓவிய முகாம்னு இருவத்திரெண்டு பேரு வந்து எறங்குறாக. சாரங்கன் ஐயா அனுப்பி வச்ச ஆளுக. அவரு இப்ப படுத்த படுக்கையாம். கடைசியா ஒரு தடவ என் பிள்ளைக அந்த வத்தைய வரையட்டும்னு சொல்லி அனுப்பியிருக்காரு. நான் என்ன செய்ய? வந்தவுக முகத்துல அடிச்ச மாதிரி கோடாலியத் தூக்கிட்டு நிக்க முடியுமா? இருவத்திரெண்டு பேருக்கு நாந்தான் பொங்கணும் வேற. ஒரு வாரம் தானே, ரெண்டாவது ஓலைக்கு முந்தி உடைச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக் கெழமை ஜெனோவா காலைப் படகுல வந்தா. வரும்போதே படகுல இருந்து பாத்திருப்பா, மணல்ல வத்தை நிக்கிறத. சுத்தி இருவத்திரெண்டு பேரும் குடையப் பிடிச்சுக்கிட்டு வரைஞ்சுக்கிட்டு இருக்காக. நேரா கோயிலுக்கு வந்து உக்காந்தா. பூசை முடியுற நேரம் உபதேசியாரு எந்திரிச்சு ஓலைய வாசிச்சாரு. 'ஆவுளித் தீவு கித்தேரியான், பிலோமி இவர்களின் மகள் ஜெனோவா'ன்னு வாசிச்சாரு. உசுரோட இருக்கிற ஆளு பேரு வாசிக்கிற மாதிரியே வாசிச்சாரு. பின்னால யாரோ பிள்ளைக சிரிச்சுச்சுக.

கோயில விட்டு வெளிய வந்ததும் அவ என் முன்னால வந்து நின்னா. அழல. மெதுவாத்தான் பேசுனா.

"அப்பா இன்னும் இருக்காருல்லம்மா? அப்ப கல்யாணத்துக்கு வரச் சொல்லு. பந்தல்ல கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆளு வேணும்."

நான் கேக்குறேன், சோறு ஆக்கி வச்சிருக்கேன், சாப்பிட்டுப் போறியாடின்னு. அந்த நேரத்துல அதுதான் வாயில வந்துச்சு. இருவத்திரெண்டு பேருக்கு ஆக்குனதுல அவளுக்கு எடுத்து வச்சிருந்தேன். அவ சாப்பிடல. அடுத்த படகுலயே போயிட்டா. பெறகு போன் போட்டேன், எடுக்கல. எங்க தீவுல டவர் சரியா கெடைக்காது தம்பி. அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் கேக்கும், ஆனா லைன் கெடைக்கலன்னுதான் அர்த்தம். நர்ஸு வேலைன்னா சும்மாவா, ராத்திரி பகல்னு ஓயாம நிக்கணும்.

செவ்வாக்கெழமை காலையில உடைச்சேன்.

ஏன் செவ்வாக்கெழமைன்னு தெரியல. மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். கைய நைட்டியில தொடச்சேன், கோடாலிய எடுத்தேன், போனேன். தொம்மைக்கு யாரோ சொல்லி ஓடியாந்துட்டாரு. மைனி, கிறிஸ்மஸ் முடியட்டும், டிசம்பர்லதான் கூட்டம் வரும்னாரு. மொத வெட்டு நான் வெட்டிட்டேன், இனி நீங்க வெட்டணும்னு சொன்னேன். அவரு வெட்டல. சொந்தக்கார ஆம்பளைக அஞ்சாறு பேரு வந்து நின்னாக. யாரும் வெட்டல. கொஞ்ச நேரம் கைய கட்டிக்கிட்டு நின்னாக, பெறகு வலைய பாக்கப் போறேன்னு ஒவ்வொருத்தரா கெளம்பிட்டாக. அவுக பொழப்பு அவுகளுக்கு. நான் பாட்டுக்கு வெட்டுனேன்.

அந்த முகாம் பிள்ளைக பதறிப்போச்சுக. ரெண்டு மூணு பேரு அய்யோ அய்யோன்னு தலையில கை வச்சாக. ஒரு பொண்ணு வந்து என் கையப் பிடிச்சுப் பாத்துச்சு. பெறகு ஒருத்தன் உக்காந்து வரைய ஆரம்பிச்சான். அவனப் பாத்து இன்னொருத்தன். கடைசியில இருவத்திரெண்டும் உக்காந்துருச்சு. நான் வெட்டுறேன், அதுக வரையுதுக. நடுவுல ஒருத்தன், அம்மா, அந்தக் கோடாலிய மேல தூக்குனபடியே ஒரு நிமிசம் வச்சுக்கங்களேன்னான்.

வச்சிருந்தேன் தம்பி. தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். போதுமா கண்ணுன்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம்மான்னான். வச்சிருந்தேன்.

மூணு நாளாச்சு உடைச்சு முடிக்க. வருசா வருசம் எண்ணெ குடிச்ச பலகை, கோடாலிய எகிற வச்சுச்சு. இத்தன வருசம் கிடந்தது இம்புட்டு உறுதியாவா இருக்கும்னு முகாம் பிள்ளைக கூட ஆச்சரியப்பட்டுச்சுக. எனக்கு ஒண்ணும் தோணல. வெட்டும்போதும் தோணல, வெட்டி முடிச்சு அந்த எடம் வெறும் மணலாக் கிடந்தப்பவும் தோணல. உள்ளங்கையில தோலு உரிஞ்சு ரெத்தம் வந்திருக்கு, அதுவே சாயந்தரம் உப்புல கைய விட்டப்பத்தான் தெரிஞ்சுச்சு.

முடிச்ச கையோட உபதேசியாருகிட்டப் போனேன். ஓலைய மாத்தி வாசிக்கச் சொன்னேன். அவரு மாட்டேன்னுட்டாரு. மொத ஓலை எப்படி வாசிச்சமோ அப்படித்தான் மூணும் வாசிக்கணும் பிலோமி, நடுவுல மாத்துனா வேற கல்யாணம் ஆயிரும்னாரு. ரெண்டாவது ஓலையும் கித்தேரியான், பிலோமின்னே வாசிச்சாரு. மூணாவதும் அப்படியே. வேணும்னா ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பேரு வாசிக்கிறேன், ஆனா பலகை எல்லா அடுப்புலயும் எரிஞ்சிருக்கணும்னாரு.

யாரும் வாங்க வரல. நானே ஒவ்வொரு பலகையாத் தூக்கிட்டுப் போயி எல்லா வீட்டு வாசல்லயும் ஒண்ணு ஒண்ணா வச்சுட்டு வந்தேன். யாரையும் கூப்பிடல. தொம்மை வீட்டு வாசல்லயும் வச்சேன். மறுநாள் அந்தப் பக்கம் போறேன், எந்த வாசல்லயும் பலகையக் காணோம். தொம்மை வீட்டுப் பொகைக்கூண்டுல கரும்பொகையா வருது. எண்ணெப் பலகையில்ல, அப்படித்தான் பொகையும். அவரு வாசல்ல உக்காந்து கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டு இருந்தாரு. என்னையப் பாத்தாரு. கண்ணு எரியுது மைனின்னாரு. ஆமா, பொகைன்னேன்.

ஜெனோவாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுச்சோ தெரியாது. நான் போன்ல சொல்லல, லைன் கெடைச்சாத்தானே. முந்தாநாளு ரெண்டாம் தேதி, ஆத்துமாக்கள் திருநாளு. காலைப் படகுல வந்திருக்கா, கூட மாப்பிள்ளையோட அம்மா. கோயில்ல எனக்கு முந்தியே வந்து முன் வரிசையில உக்காந்திருந்தாக. அவ திரும்பிப் பாக்கல. தலையில முக்காடு போட்டிருந்தா, அதுல பக்கத்துல இருக்கிறது தெரியாது. நான் எப்பவும் போல பின்னால தூணு ஓரமா தரையில உக்காந்தேன்.

சாமியாரு பூசை முடிச்சாரு. உபதேசியாரு நோட்ட எடுத்துக்கிட்டு வந்து பேரு வாசிக்க ஆரம்பிச்சாரு. செத்தவுக பேரு வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டுப் பொம்பள எந்திரிச்சு நிக்கணும். எந்திரிச்ச பெறகுதான் அவரு அடுத்த பேருக்குப் போவாரு. பதினாலு வருசமா மத்தவுக எந்திரிக்கிறத உக்காந்தே பாத்தவ நான். இன்னாரு பேருக்கு இன்னாரு எந்திரிப்பான்னு எனக்கு மனப்பாடம். அந்தா அவ எந்திரிக்கிறா, இந்தா இவ எந்திரிக்கிறான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

உபதேசியாரு கித்தேரியான்னு வாசிச்சாரு.

யாரும் எந்திரிக்கல. உபதேசியாரு நோட்டுல இருந்து தலையத் தூக்கிப் பாத்தாரு. கோயிலே திரும்பிப் பாக்குது. நானும் திரும்பிப் பாத்தேன் தம்பி. யாரு வீட்டு ஆளுடா இது, யாரும் எந்திரிக்க மாட்டேங்குறாகளேன்னு பாத்தேன். மாதா மேல ஆணையாச் சொல்றேன், அப்படித்தான் பாத்தேன். எனக்குப் பின்னால தூணு. தூணுக்குப் பின்னால செவுரு. வேற யாரும் இல்ல.

ரெண்டாந்தடவ வாசிச்சாரு. கித்தேரியான்.

முன் வரிசையில இருந்து ஜெனோவா எந்திரிச்சா. அவ எந்திரிச்சா போதும், அவரு அடுத்த பேருக்குப் போயிருப்பாரு. ஆனா அவ அங்கயே நிக்கல. அம்புட்டுப் பேரையும் விலக்கிக்கிட்டு பின்னால என்கிட்ட வந்தா. குனிஞ்சு என் கக்கத்துல கையக் குடுத்தா. அவ கை சில்லுன்னு இருந்துச்சு.

"எந்திரிம்மா," ன்னா. "நம்ம அப்பாதான்."

எந்திரிச்சேன்.